எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் காளான் உங்கள் கணவருக்கு ஏன் வேண்டாம்

கேள்வி: பாம்பனுக்கு அருகிலுள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 46. விசைப்படகில் டிரைவராக இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்தன. வாதம் என்று நினைத்து மூன்று மாதம் எண்ணெய் தேய்த்தோம். பிறகு மதுரையில் நரம்புப் பரிசோதனை செய்து சி.ஐ.டி.பி. என்ற அபூர்வ நோய் என்றார்கள். இம்யூனோகுளோபுலின் என்ற புரத மருந்தை ஏற்றிய பிறகு கோலூன்றி நடக்கிறார். கடைசியாக ஏற்றி ஐந்து வாரம் ஆகிறது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு 20 மி.கி., அசாதையோபிரின் 100 மி.கி. தினமும் சாப்பிடுகிறார். துபாயிலிருக்கும் என் தம்பி, நரம்பை வளர்க்கும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று லயன்ஸ் மேன், ரெய்ஷி, கார்டிசெப்ஸ் ஆகிய மூன்று காளான்கள் சேர்ந்த மாத்திரைப் புட்டியை அனுப்பியிருக்கிறான். பன்னிரண்டு நாள் சாப்பிட்டதில் பாத எரிச்சல் குறைந்திருப்பதாக அவர் சொல்கிறார். இதைத் தொடரலாமா? நன்றாக வேலை செய்தால் ஸ்டீராய்டைப் பாதியாக்கலாமா? அவர் கடலுக்குப் போக முடியாததால் வீட்டுக்குப் பின்னால் காளான் குடில் போடலாம் என்றும் நினைக்கிறோம்; அது சரிவருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புட்டியின் மேலட்டையில் இருந்ததையெல்லாம் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தது எனக்குப் பெரிதும் உதவியது. முதலில் முடிவைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். அந்த மாத்திரைகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆனால் புட்டியைத் தூக்கி எறியாமல், அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது கையோடு எடுத்துச் சென்று உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரெட்னிசொலோனைப் பாதியாக்கும் எண்ணத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் உடலில், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென்று குறைத்தால் அது உடனே விழித்துக்கொள்ளாது, வாந்தியும் மயக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எப்போது, எத்தனை மில்லிகிராம் குறைப்பது என்பதை உங்கள் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

சி.ஐ.டி.பி. என்பது நாள்பட்ட அழற்சியால் நரம்புகளின் மேலுறை அழிகிற நோய். லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வருவதால், முதலில் வாதம் என்று நினைத்ததற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. இதன் நெருங்கிய உறவான கில்லன் பாரே நோய் நான்கு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும்; இதுவோ எட்டு வாரத்துக்கும் மேலாக மெல்ல மெல்ல ஏறும் என்பதால், மருத்துவர்களுக்கே பிடிபடத் தாமதமாவதுண்டு. உங்கள் கணவர் படகு ஓட்டியவர் என்பதால் அவருக்கு இப்படிச் சொன்னால் புரியும்: பாட்டரி நன்றாக இருக்கிறது, விளக்கும் நன்றாக இருக்கிறது, நடுவிலிருக்கும் வயரின் மேலுறை உப்புக்காற்றில் அரித்துப்போனதால் விளக்கு மின்னி மின்னி அணைகிறது. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறைதான் இங்கே அரிக்கப்படுகிறது. அதை அரிப்பது வெளியிலிருந்து வந்த கிருமியன்று; அவருடைய சொந்த நோய் எதிர்ப்பு மண்டலம்.

புட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்ற வாசகம், மற்றவர்களுக்கு எப்படியோ, உங்கள் கணவரைப் பொறுத்தவரை ஒரு வாக்குறுதியாகாது, எச்சரிக்கையாகத்தான் படிக்கப்பட வேண்டும். இந்த மூன்று காளான்களிலும் பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள பொருள் அது. நம் உடலின் வெள்ளணுக்களில் சிலவற்றின் மேல், பூஞ்சை உள்ளே நுழைந்தால் கண்டுகொள்வதற்கென்றே டெக்டின்-1 என்ற ஏற்பி அமைந்திருக்கிறது; பீட்டா குளூக்கன் அதில் பொருந்தியவுடன் அந்த அணுக்கள் உசுப்பப்படுகின்றன. ஜப்பானில் ஷிடாகே காளானிலிருந்து பிரித்தெடுத்த லெண்டினான் என்ற பொருளைப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு துணையாகக் கொடுத்ததும் இந்தக் குணத்தை நம்பித்தான். ஆகவே காளான் வெறும் மாவு, ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவரவில்லை. அது செய்யக்கூடிய வேலை, எதிர்ப்பு மண்டலத்தை அடக்க அசாதையோபிரினும் பிரெட்னிசொலோனும் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நேர் எதிரானது என்பதே என் கவலை. ஒரு கையால் அடக்கி, மறு கையால் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தால் நோய் எந்தப் பக்கம் சாயும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கசாயத்தை விடாமல் குடித்த சிலருக்கு, உடலே தன் ஈரலைத் தாக்கும் வகையான அழற்சி வந்ததை நம் நாட்டு ஈரல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகை வேறு, ஆனால் தன்னைத்தானே தாக்கும் இயல்புள்ள உடலை உசுப்பிவிடுவதன் ஆபத்து ஒன்றுதான்.

உங்கள் தம்பி உண்மையில் நம்பியது 'நரம்பை வளர்க்கும்' என்ற சொல்லை என்று நினைக்கிறேன். அது முழுப் பொய்யன்று. அதனால்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லயன்ஸ் மேன் என்பது சிங்கத்தின் பிடரி மயிர் போல வெள்ளையாகத் தொங்கும் ஒரு காளான். ஜப்பானிய வேதியியலாளர் கவாகிஷியும் அவருடைய குழுவினரும் 1990-களில் அதிலிருந்து ஹெரிசினோன், எரினசின் என்ற பொருள்களைப் பிரித்தெடுத்து, சோதனைத் தட்டில் வளர்த்த செல்களில் அவை நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் சுரப்பைத் தூண்டுவதைக் காட்டினார்கள். மலேசியாவில், காலில் ஓடும் நரம்பை நசுக்கிக் காயப்படுத்திய எலிகளுக்கு இந்தக் காளானின் சாற்றைக் கொடுத்தபோது அவை விரைவாகக் காலூன்றியதாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதர்களிடம் நடந்தவற்றுள் அதிகமாக எடுத்துக்காட்டப்படுவது 2009-இல் ஜப்பானில் வெளியான சோதனை: லேசான மறதி தொடங்கிய, 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 30 பேரில் ஒரு பாதியினர் 16 வாரம் லயன்ஸ் மேன் மாத்திரை சாப்பிட்டதில் நினைவாற்றல் மதிப்பெண் கூடியது, நிறுத்திய நான்கு வாரத்தில் கூடியது குறைந்தது. அந்த 30 பேரும் மறதிக்காரர்கள், கால் வலுவிழந்தவர்கள் அல்லர். நசுக்கப்பட்ட எலியின் நரம்பும், சொந்த வெள்ளணுக்கள் ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும் உங்கள் கணவரின் நரம்பும் ஒன்றல்ல; எலிக்கு நசுக்கியவரின் கை எடுக்கப்பட்டுவிட்டது, இவருக்கோ அந்தக் கை இன்னும் எடுக்கப்படவில்லை.

விளம்பரங்கள் சொல்லாத இன்னொரு செய்தியும் உண்டு. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெயரைக் கேட்டால் எல்லா நரம்பையும் வளர்க்கும் என்று தோன்றும். ஆனால் வளர்ந்த மனித உடலில் அது முக்கியமாகப் பேணுவது வலியையும் சூட்டையும் உணரும் மெல்லிய இழைகளையும், வியர்வை, ரத்தக்குழாய் முதலியவற்றை ஆளும் தானியங்கி நரம்புகளையும்தான். உங்கள் கணவரின் பாதத்தைத் தூக்கும் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் தடித்த இழைகளை அன்று. இந்தக் காரணியையே ஊசி மருந்தாகச் செய்து, நீரிழிவால் நரம்பு கெட்ட 1,019 பேருக்கு 48 வாரம் போட்டுப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் கூடியது. அதன் பிறகு ஆய்வாளர்கள் காற்று மாறியதும் பாயைத் திருப்பிப் பிடிப்பவர்களைப் போல, அதே காரணியைத் தடுக்கும் மருந்தை மூட்டுவலிக்கு வலிநிவாரணியாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். நீரிழிவு நரம்பு நோய் வேறு, சி.ஐ.டி.பி. வேறு என்பது உண்மைதான். ஆனாலும் நேரடியாக ஊசியில் ஏற்றியே சாதிக்க முடியாததை, வயிற்றில் செரித்து ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்றே தெளிவில்லாத ஒரு மாத்திரை சாதிக்கும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட மாட்டேன்.

இனி ஈரல். என் சொந்தத் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், உங்கள் கணவருக்கு இருக்கும் இதே நோயோடு, இதே மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டு ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒரு மாதம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் மூன்று மடங்காகியிருந்தன. அசாதையோபிரின் ஈரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதன் மேல் பழியைப் போட்டு முதலில் பாதியாக்கினேன், பிறகு நிறுத்தினேன். பத்து வாரத்தில் அவருக்குக் கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அவர் மனைவி வயர் கூடைக்குள்ளிருந்து பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுக்கும்போது, மஞ்சள் பையில் சுற்றிய ஒரு தகர டப்பா மேசையில் உருண்டது. ரெய்ஷி கலந்த காபிப் பொடி. நான்கு மாதமாகக் காலையும் மாலையும் குடித்திருக்கிறார். "மருந்து வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேனே" என்றேன். "இது மருந்தில்லையே டாக்டர், காபிதானே" என்றார். அவர் சொன்னது நியாயம். பொடி, கசாயம், லேகியம், ஊரிலிருந்து வந்த புட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க வேண்டியவன் நான். டப்பாவை நிறுத்தியதும் நொதிகள் இறங்கின. அசாதையோபிரினை மறுபடி தொடங்கினோம். ஆனால் இழந்த பத்து வாரத்தைத் திரும்பப் பிடிக்க அவருக்கு ஓராண்டு ஆயிற்று. ரெய்ஷிப் பொடியால் ஈரல் கெடுவது அபூர்வம்தான். எனினும் 2007-இல் தாய்லாந்து மருத்துவர்கள் அப்பொடியோடு தொடர்புடைய, உயிரையே பறித்த ஓர் ஈரல் அழற்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போதாக இருந்தாலும், பன்னிரண்டு நாள் சாப்பிட்டுவிட்டதால் இந்த வாரமே ராமநாதபுரத்தில் ஈரல் நொதிகளையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அசாதையோபிரின் சாப்பிடுபவர்களுக்கு இவ்விரண்டும் எப்படியும் அடிக்கடி பார்க்க வேண்டியவை. ரத்தத்தை இளக்கும் மருந்தோ ஆஸ்பிரினோ அவர் சாப்பிடுவதாக நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுகிறார் என்றால், ரெய்ஷி ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் ஒரு கேள்விதான். 'பழுப்பரிசியில் வளர்த்த மைசீலியம்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதாவது காளானின் பூவையே காயவைத்து அரைக்கவில்லை. வேக வைத்த அரிசியில் காளான் இழைகளை வளரவிட்டு, அரிசியோடு சேர்த்து அரைத்திருக்கிறார்கள். நீங்கள் குடில் போட வாங்கப்போகும் காளான் வித்துப் பையில் சோளத்தின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்குமே, ஏறக்குறைய அதே பொருள். ஆர்வத்தில் நானே சென்னைக் கடையொன்றில் இந்த வகைப் புட்டி ஒன்றை வாங்கி, ஒரு மாத்திரையின் பொடியைச் சாசரில் கொட்டித் தண்ணீர் விட்டு, புண்ணுக்குப் போடும் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கஞ்சித் தண்ணீரில் விட்டது போல நொடியில் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. உள்ளே இருந்ததில் பெரும்பகுதி மாவு. அட்டையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தது. அது தயாரித்தவர் உணவு உற்பத்திக்கு உரிமம் பெற்றவர் என்பதைக் காட்டுகிறதே தவிர, நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது. நரம்பு மண்டலக் கோளாறுகளையும் வாதத்தையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று நம் நாட்டில் 1954-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் அட்டையில் 'ஆரோக்கியத்துக்கு ஆதரவு' என்று மழுப்பலாக எழுதிவிட்டு, மற்றதைக் கைப்பேசிக் காணொளிகளில் பேசுகிறார்கள்.

பாத எரிச்சல் குறைந்ததாக அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் ஐந்து வாரத்துக்கு முன்தான் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருக்கிறீர்கள். அதன் பலன் வாரக்கணக்கில் மெல்லத் தெரியவரும் என்பதால், இந்தப் பன்னிரண்டு நாளும் அதன் காலத்துக்குள்ளேயே விழுகின்றன. இனிமேல் எது பயன் தருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாசலில் பத்து மீட்டர் அளந்து கோடு கிழித்து, அதை நடந்து கடக்க எத்தனை நொடி என்று வாரம் ஒரு முறை, அதே நாளில், அதே நேரத்தில் குறித்துவையுங்கள். விரல்களுக்கு வலை ஊசியே போதும்: ஒரு சாண் வலை பின்ன எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். இந்த நோட்டு உங்கள் மருத்துவருக்கு எந்த விளக்கத்தையும் விடப் பயன்படும். ஸ்டீராய்டைக் குறைக்கும் தைரியமும் அவருக்கு இதிலிருந்துதான் வரும். மேலுறை மட்டும் கெட்டிருந்தால் வாரங்களிலும் மாதங்களிலும் அது மறுபடி போர்த்திக்கொள்ளும். உள்ளிழையே அறுந்திருந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், முழங்காலிலிருந்து பாதம் வரை போய்ச் சேர ஓராண்டுக்கும் மேலாகும். அவசரப்படுத்த வழியில்லை.

மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு அந்தப் புட்டி இங்கேயே கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில், நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடப்பதாக நீங்கள் எழுதிய வலது காலுக்கு, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றும் பின்வார் வைத்த காலணியும் வாங்குங்கள். உணர்ச்சி மங்கிய பாதத்துக்கு நம் கடற்கரை நல்ல இடமன்று. சித்திரை, வைகாசியில் மணல் சுடுவது அவருக்குத் தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும். சிப்பியோ கெளுத்தி முள்ளோ குத்தி ரத்தம் வந்தாலும் வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். இரவு படுக்குமுன் நீங்களே இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். புண் இருக்கும்போது கடல் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது, கரையில் படகு தள்ளுவதற்காக ஆனாலும் சரி. கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி வகை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுபவரின் புண்ணில் புகுந்தால் ஓரிரு நாளில் உயிரோடு விளையாடிவிடும். பிற்பகலில் சோர்ந்து விழுகிறார் என்பதற்காகத்தான் கார்டிசெப்ஸை நாடினீர்கள் போலும். அந்தச் சோர்வு இந்நோயில் பலருக்கும் உண்டு. பிரெட்னிசொலோனை மாலையில் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிவிட்டு, மூன்று வாரம் பாருங்கள்.

சமைத்த காளானைச் சாப்பிடத் தடையில்லை. சிப்பிக் காளானோ பால் காளானோ வாரம் இரண்டு முறை குழம்பிலோ வறுவலிலோ நன்றாக வேக வைத்துக் கொடுங்கள். அது உணவு, எதிர்ப்புச் சக்திக்கென்று நாள்தோறும் விழுங்கும் மாத்திரை அன்று. சமைக்குமுன் நறுக்கி, உச்சி வெயிலில் சிறிது நேரம் காயவைத்தால் காளானிலேயே வைட்டமின் டி-2 கொஞ்சம் உருவாகும். ஸ்டீராய்டால் எலும்பு தேயும் அவருக்கு அது நல்லதே, ஆனால் மருத்துவர் எழுதிய கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளுக்கு ஈடாகாது. முள்ளோடு சாப்பிடும் பச்சை நெத்திலியும் எலும்புக்கு உதவும்; உப்பு ஸ்டீராய்டோடு சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் கருவாட்டைக் குறையுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் புற்றோரம் முளைக்கும் காளானை அவர் தட்டில் வைக்காதீர்கள். அதை இனம் காண்பதில் உங்கள் மாமியாருக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும், இந்த மருந்துகள் சாப்பிடும் உடலில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

குடில் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. லயன்ஸ் மேனை வளர்த்து விற்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது குளிர் விரும்பி, ஏசி அறை இல்லாமல் உங்கள் ஊர் வெயிலில் வராது. 30 முதல் 35 டிகிரிச் சூட்டிலும் நன்றாக விளையும் பால் காளான்தான் நம் கடற்கரைக்கு ஏற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகம் அதில் பெயர் பெற்றது. திருவாடானைப் பக்கம் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கிடைக்கும். தெளிப்பதற்கு உவர்ப்பில்லாத தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் முதலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் குடிக்கவே குடம் கணக்கில் வாங்குகிறீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஈரம் கட்டிய குடிலில் காற்றில் மிதக்கும் வித்துத்தூளையும் ஊறிய வைக்கோலின் பூஞ்சையையும் நாள்தோறும் சுவாசிப்பது, நல்ல நுரையீரலுக்கே அழற்சியைக் கொண்டுவருவதுண்டு. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். வைக்கோல் அவிப்பது, படுக்கை போடுவது, மேல்மண் இடுவது, பறிப்பது ஆகிய வேலைகளை முகக்கவசம் போட்டுக்கொண்டு நீங்களும் உங்கள் மகளிர் குழுவிலுள்ள பெண்களும் பார்த்துக்கொள்ளுங்கள். குடிலை வீட்டுச் சன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். பறித்து வந்த காளானை முற்றத்துக் காற்றில் வைத்து, எடை பார்த்து, இருநூறு கிராம் பைகளாகக் கட்டி ஒட்டும் வேலையை அவரிடம் கொடுங்கள். சின்னப் பையின் வாயைச் சுருக்கி நூலால் முடிச்சுப் போடுவது அவருடைய விரல்களுக்கு நான் எழுதிக்கொடுக்கக்கூடிய எந்தப் பயிற்சிக்கும் குறைந்ததன்று. எத்தனை பை கட்டினார் என்பதையும் அந்த நோட்டில் எழுதிவையுங்கள்.